சொல்லமாட்டேன் என்று சொல்லியே சொல்லிவிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பேச்சும் விவாதமும் பழக்கும்போது பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இவை. சில கேள்விகள் பெற்றோரிடமிருந்து வந்தன. அவை விவாதத்தைப் பற்றியவை அல்ல, மாமியாரைப் பற்றியவை. அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

இது என்ன உத்தி? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைப் பேசப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, அந்த அறிவிப்புக்குள்ளேயே அதைப் பேசி முடித்துவிடுவது.

உதாரணத்துக்கு ஆரையம்பதிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதும் வழக்கம். ஆகவே கல்யாணத்தில் முதலில் அலசப்படுவது மாப்பிள்ளை அல்ல, வீடு. பின்வளவில் பாக்கு வெட்டிக்கொண்டிருக்கும் பெண்களில் ஒருவர் சொல்கிறார்:

“நமக்கென்னத்துக்கு மச்சாள் அந்தக் கதை. குசினிக்கு இன்னும் கூரை போடல்ல, கிணத்துக்குக் கட்டுக் கட்டல்ல எண்டெல்லாம் நான் வாயத் திறந்தனா? பொடியன் நல்ல பொடியன். அது போதும்.”

குசினிக் கூரையும் கிணற்றுக் கட்டும் இப்போது அங்கிருக்கும் எல்லாருக்கும் தெரியும். பந்தி முடியும் முன் முன்வளவுக்கும் போய்விடும். நாளைக்குப் பெண்ணின் தாய் வந்து கேட்டால், “அதைக் கதைக்க வேணா எண்டுதானே நான் சொன்னேன்” என்பார். அது பொய்யும் இல்லை. விஷயமும் போய்ச் சேர வேண்டும், சொன்ன பழியும் வரக்கூடாது என்பவர்களுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்தப் பழியைப் பற்றித்தான். அதை எடுத்து உரியவர் கையில் மீண்டும் வைக்க முடியும்.

இதற்குப் பெயர் என்ன?

கிரேக்கர்கள் பராலிப்சிஸ் என்றார்கள், உரோமர்கள் பிரெடெரிஷியோ என்றார்கள். இரண்டுக்கும் ‘விட்டுச் செல்லுதல்’ என்ற அளவில்தான் பொருள். ஊர்ப் பேச்சில் ‘சொல்லாமல் சொல்லுறது’, ‘பொடி வச்சுக் கதைக்கிறது’ என்கிறோம். பொடி வைப்பதில் வேறு வகைகளும் அடங்கும் என்றாலும் நமக்கு அது போதும். பெயரில் நேரம் போக்க வேண்டாம்.

இதை முதலில் எழுதி வைத்தவர்கள் யார்?

கிமு முதலாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுந்த உரைக்கலை நூல் ஒன்று உண்டு. எரேனியஸ் என்பவருக்கு எழுதியது. ஆசிரியர் யாரென்று தெரியாததால் பல நூற்றாண்டுகள் அதை உரோமப் பேச்சாளர் சிசரோவின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். இப்போது நாம் எதை அழுத்திச் சொல்கிறோமோ, அதையே விட்டுவிடுகிறோம், தெரியாது, சொல்ல விருப்பமில்லை என்று சொல்வதுதான் இந்த உத்தி என்று அது வரையறுக்கிறது. எப்போது பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது: நேரே சொன்னால் நீண்டுவிடும், சொல்வது கௌரவக் குறைவாகும், தெளிவாக நிறுவ முடியாது, அல்லது எதிராளி இலகுவாக மறுத்துவிடுவான் என்கிற இடங்களில். மறுக்கப்படக்கூடிய ஒன்றை வலியுறுத்துவதைவிட ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடுவது இலாபம் என்பது அதன் கணக்கு. ஒரு பாடப்புத்தகம் இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதுவது அபூர்வம். ‘நிரூபிக்க முடியாவிட்டால் இப்படிச் சொல்’ என்று மாணவனுக்கே சொல்லிக்கொடுக்கிறது.

செயலில் காட்டியவர் சிசரோ. கிமு 63 நவம்பரில், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறான் என்று கட்டிலைன் என்ற பிரபு மீது செனற் சபையில், அவனை எதிரே வைத்துக்கொண்டே, அவர் குற்றம் சாட்டினார். அந்தப் பேச்சில் ஓரிடம்: முந்திய மனைவியின் சாவினால் வீட்டைக் காலியாக்கி அடுத்த கல்யாணத்துக்கு இடம் பண்ணினாயே, அந்தக் குற்றத்தின் மேல் நம்ப முடியாத இன்னொரு குற்றத்தையும் சேர்த்தாய் அல்லவா என்று கேட்கிறார். உடனே, அதை நான் விட்டுவிடுகிறேன், மௌனத்தில் கிடக்கட்டும், இப்படியொரு கொடுமை இந்த நகரத்தில் நடந்தது என்றோ தண்டிக்கப்படாமல் போனது என்றோ தோன்ற வேண்டாம் என்கிறார். அடுத்த மூச்சில், உன் சொத்து நாசமானதையும் விட்டுவிடுகிறேன், வருகிற மாத நடுவில் அது உன் தலைக்கு மேல் தொங்குவதை நீயே காண்பாய் என்கிறார். மாத நடு என்பது உரோமில் கடன் தீர்க்கும் நாள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ‘இன்னொரு குற்றம்’. கடைசிவரை அது என்னவென்று சிசரோ சொல்லவில்லை. சொந்த மகனையே கொன்றான் என்று ஊரில் பேச்சு இருந்தது. சபையில் இருந்தவர்கள் தாங்களே அதை நிரப்பிக்கொண்டார்கள். அவரிடம் சாட்சி இருந்ததா என்று யாரும் கேட்கவும் முடியாது, ஏனென்றால் அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

தமிழ் அணியிலக்கணத்தில் இது இல்லையா?

இருக்கிறது, ஆனால் கொஞ்சம் வேறு முகத்தோடு. தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் முன்னவிலக்கு ஒன்று. முன்னம் என்றால் குறிப்பு. ஒன்றைக் குறிப்பினால் விலக்குவது, அதாவது வாயால் சம்மதித்துக் கருத்தால் மறுப்பது. வடமொழியில் இதை ஆட்சேபம் என்பார்கள். காஞ்சித் தண்டி தன் வடமொழி நூலில் தரும் புகழ்பெற்ற உதாரணத்தில், பிரிந்து போகப் புறப்பட்ட கணவனிடம் மனைவி பேசுகிறாள். போவதென்றால் போய்வாருங்கள், வழியெல்லாம் நலமாகட்டும், நீங்கள் போகும் அந்த ஊரிலேயே எனக்கும் அடுத்த பிறப்பு வாய்க்கட்டும் என்கிறாள். ‘போகாதே’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘போனால் செத்துவிடுவேன்’ என்ற சொல்லும் இல்லை. அவன் எப்படிப் போவான்?

இது நமது உத்தியின் மறுபக்கம். சிசரோ ‘சொல்லவில்லை’ என்று சொல்லித் தாக்குகிறார், அவள் ‘தடுக்கவில்லை’ என்று காட்டித் தடுக்கிறாள்.

பதினொராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் எழுதிய மம்மடர் ஆட்சேபத்தை இன்னும் நெருக்கமாகக் கொண்டுவருகிறார். சொல்ல விரும்பியதையே, அதற்கு ஒரு சிறப்பு ஏற்றுவதற்காக, மறுப்பதுபோல் காட்டுவது என்பது அவர் தரும் இலக்கணம். இனிச் சொல்லவிருப்பதை மறுப்பது, சொல்லிவிட்டதை மறுப்பது என்று இரண்டாகப் பிரிக்கிறார். இந்தப் பிரிவு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். ‘அவரைப் பற்றி நான் கதைக்க வரவில்லை’ என்று தொடங்குபவர் முதல் வகை. எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு ‘சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எழும்பிப் போகிறவர் இரண்டாம் வகை. இரண்டாம் வகைதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. பதில் சொல்லலாம் என்று நாம் வாயைத் திறக்கும்போது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருப்பார்.

வஞ்சப்புகழ்ச்சியும் இதுவும் ஒன்றுதானே? பரீட்சைக்கு எப்படி எழுதுவது?

ஒன்று அல்ல. வஞ்சப்புகழ்ச்சியில் புகழ்ச்சி உடையில் இகழ்ச்சி வரும், அல்லது இகழ்ச்சி உடையில் புகழ்ச்சி வரும். அதியமானுக்காகத் தூது போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது நல்ல உதாரணம். உன் ஆயுதங்கள் பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அங்கே எதையும் ‘விடுகிறேன்’ என்று சொல்லவில்லை. நேராகவே பேசுகிறார், பொருள்தான் தலைகீழ். நமது உத்தியில் பொருள் நேராகவே நிற்கும், ‘சொல்கிறேன்’ என்பது மட்டும் ‘சொல்லவில்லை’ என்று மாறும். பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

பாதியில் நிறுத்துவதும், ‘நான் அப்படி இல்லை’ என்று மறுப்பதும்?

இரண்டும் பக்கத்து வீடுகள். ‘இரு, அப்பா வரட்டும், வந்தாரெண்டால்…’ என்று அம்மா நிறுத்தும்போது மிச்சத்தைப் பிள்ளைதான் கற்பனை செய்கிறது. நமது உத்தியில் பெரும்பாலும் மிச்சம் கிடையாது, சொல்ல வந்தது சொல்லியாகிவிட்டது. மறுப்பு வேறு: 1973 இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் ‘நான் மோசடிக்காரன் அல்ல’ என்றார். அவர் நம்பப்படவே விரும்பினார், ஆனால் கேட்டவர்கள் மனதில் அந்தச் சொல்தான் தங்கியது. நோக்கம் வேறு, விளைவு ஒன்று.

கேட்பவருக்கு இது தந்திரம் என்று தெரியும்தானே. பிறகும் ஏன் வேலை செய்கிறது?

விலக்கச் சொன்னதை மனம் விலக்குவதில்லை. 1987 இல் டானியல் வெக்னர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் சிலரைத் தனியே உட்கார வைத்து, ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்கு முன், 1981 இல், அதே வெக்னர் செய்த இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் பயன்படும். ஆட்களைப் பற்றிய செய்தித் தலைப்புகளை வாசிக்கக் கொடுத்தார்கள். சில தலைப்புகள் குற்றத்தை நேரே கூறின, சில கேள்வியாகக் கேட்டன, சில ‘தொடர்பில்லை’ என்று மறுத்தன, சில எந்தச் சாயமும் இல்லாதவை. கேள்விக்குறி போட்ட தலைப்பு நேரே குற்றம் சாட்டிய தலைப்பளவுக்குப் பெயரைக் கெடுத்தது. மறுத்த தலைப்பும் சாயமில்லாத தலைப்பைவிடக் கெடுதலாகவே முடிந்தது. நம் இணையச் செய்திகளில் எல்லாத் தலைப்புக்கும் பின்னால் ஏன் ஒரு கேள்விக்குறி தொங்குகிறது என்று இப்போது விளங்கும்.

இன்னொரு காரணம் என் அனுபவத்தில் கண்டது. ‘சொல்லமாட்டேன்’ என்று கேட்டதும் காது கூர்மையாகிறது. அது இரகசியம் என்ற தோரணை வந்துவிடுகிறது. ‘குசினிக்குக் கூரை இல்லை’ என்று மொட்டையாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் தலையை நிமிர்த்தியிருக்கமாட்டார்கள்.

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு அதிகம்?

வேறு ஊர்களில் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே ஒரு காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. நேரே யாரையும் திட்ட முடியாது, எல்லாரும் ஏதோ ஒரு முறையில் உறவு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் உங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவராக இருப்பார், கணக்கில் குறை கண்டவர் உங்கள் மச்சானாக இருப்பார். நாளைக்கு ஒரே சடங்கில் முகம் பார்க்க வேண்டும். அப்போது ‘கணக்கைப் பற்றி நான் கேட்கவே இல்லை’ என்பதுதான் கைகொடுக்கும்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் இங்கேயே இருக்கிறது. கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று கோவலன் பக்கம், கண்ணகி பக்கமாகப் பிரியும். இரு சேரியாரும் ஒருவரை ஒருவர் வசை பாடுவார்கள். அங்கே யாரும் ‘உன்னைப் பற்றி நான் சொல்ல வரவில்லை’ என்று பாடுவதில்லை, நேரே போட்டுத் தாக்குவார்கள். வசைக்கு வழக்கமே இடம் கொடுத்த நாளில் ஒளிந்து பேசத் தேவை இல்லை. கொம்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் பழையபடி ‘நமக்கென்னத்துக்கு அந்தக் கதை’ தொடங்கும்.

அரசியல்வாதிகள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

உள்ளூர்ப் பெயர் எதையும் போடப்போவதில்லை. (இது உத்தி அல்ல, உண்மையாகவே போடப்போவதில்லை.) அமெரிக்காவில் ஒருவரே இரண்டு விதமாகப் பயன்படுத்தியதைப் பார்ப்போம்.

1984 ஒக்டோபரில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகனுக்கு வயது 73. ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நின்ற வோல்டர் மொண்டேலுக்கு 56. தொலைக்காட்சி விவாதத்தில், இந்த வயதில் நெருக்கடி வந்தால் தாங்குவீர்களா என்ற கருத்தில் ஊடகவியலாளர் ஒருவர் கேட்டார். வயதை நான் இந்தத் தேர்தலில் ஒரு விடயமாக்கமாட்டேன், என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் இலாபத்துக்காகப் பயன்படுத்தப்போவதில்லை என்றார் ரீகன். சபை சிரித்தது, மொண்டேலும் சிரித்தார். வயதுக் கேள்வி அதோடு அடங்கியது. ரீகன் 50 மாநிலங்களில் 49 ஐ வென்றார். அந்த ஒரு பகிடிதான் வெற்றியைத் தந்தது என்பதல்ல, ஆனால் தன் மேல் இருந்த குறையைத் திருப்பி எதிராளி மேல் போட்டு, அதுவும் பெருந்தன்மை போலக் காட்டியது பெரிய கெட்டித்தனம். யாருக்கும் காயமில்லை, ஏனென்றால் 56 வயதுக்காரரை அனுபவமில்லாத இளைஞர் என்று யாரும் நம்பப்போவதில்லை.

1988 இல் அதே ரீகன், எதிர்க்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மைக்கல் டுகாகிஸ் பற்றிக் கேட்டபோது, ஒரு நோயாளியைப் போட்டுத் தாக்கப்போவதில்லை என்றார். டுகாகிஸ் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றார் என்று ஆதாரமில்லாத வதந்தி ஒன்று ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஜனாதிபதியின் வாயில் வந்ததும் அது முழு நாட்டுச் செய்தியாயிற்று. டுகாகிஸின் வைத்தியர் அவர் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. பகிடிக்குத்தான் சொன்னேன் என்று ரீகன் பின்வாங்கினார்.

2017 இல் டொனால்ட் ட்ரம்ப், வடகொரியத் தலைவர் தன்னைக் கிழவன் என்று சொன்னதற்கு, நான் அவரை ஒருபோதும் கட்டையன், குண்டன் என்று சொல்லமாட்டேனே என்று டுவிட்டரில் எழுதினார். இதற்கு விளக்கம் தேவையில்லை.

விவாதப் போட்டியில் பயன்படுத்தலாமா? நடுவர் புள்ளி குறைப்பாரா?

பயன்படுத்தலாம், உங்கள் பக்க விஷயத்துக்கு மட்டும். தலைப்பு நீர்ப்பாசனம் என்று வைத்துக்கொள்வோம். ‘உன்னிச்சைக் குளத்தை விட்டுவிடுகிறேன், உறுகாமத்தையும் விட்டுவிடுகிறேன், நேரம் போதாது, நவகிரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்’ என்று ஒரு மாணவி சொன்னால், மூன்று உதாரணம் கையில் இருப்பதும் தெரியும், ஒன்றை மட்டும் ஆழமாகப் பேசும் அடக்கமும் தெரியும். விட்ட இரண்டும் உண்மையானவை, எவரும் சரிபார்க்கலாம். இது நேர்மையான பயன்பாடு.

எதிரணியின் ஆட்களைப் பற்றி இதைப் பயன்படுத்த விடமாட்டேன். ‘எதிரணித் தலைவர் போன வருடம் எப்படித் தோற்றார் என்பதை நான் ஞாபகப்படுத்த விரும்பவில்லை’ என்று ஒரு பையன் சொன்னால், அவன் ஞாபகப்படுத்திவிட்டான். நான் நடுவராக இருந்தால் அதைச் சொன்னதாகவே எழுதிக்கொள்வேன், தனிநபர் தாக்குதலுக்கு என்ன புள்ளியோ அதைப் போடுவேன். ‘நான் விரும்பவில்லை’ என்ற முன்னொட்டுக்குச் சலுகை கிடையாது. எல்லா நடுவர்களும் இப்படிச் செய்வதில்லை. சபை சிரித்தால் கூடச் சிரித்துப் புள்ளி போடுபவர்களும் உண்டு.

ஒரு பேச்சில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். இரண்டாம் தடவை வரும்போது சபைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

‘அறிமுகம் தேவையில்லை’ என்று கூட்டங்களில் சொல்வதும் இதுதானா?

இதுவே, ஆனால் செத்துப்போன நிலையில். தேவநாயகம் மண்டபத்தில் எந்த விழாவுக்கும் போய் உட்காருங்கள். ‘நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக’ என்று தலைவர் தொடங்குவார். ‘பிரதம அதிதி அவர்களை உங்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டிய அவசியமே இல்லை’ என்பார். அப்புறம் பிறந்த ஊர், படித்த பாடசாலை, எடுத்த பட்டம், வகித்த பதவி, மனைவி எந்த ஊர் என்பதுவரை வரும். இதில் கபடம் எதுவும் இல்லை. ‘சொல்லத் தேவையில்லை’, ‘கேட்கவே வேண்டாம்’ போன்றவை தேய்ந்துபோய் வெறும் அழுத்தச் சொற்களாகிவிட்டன. யாருக்கும் தீங்கில்லை, தேநீர் ஆறுவதைத் தவிர.

பெயர் போடாமல் முகநூலில் எழுதினால் வழக்கு வராதுதானே?

நான் சட்டத்தரணி அல்ல, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இலங்கையில் அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து 2002 இல் நீக்கப்பட்டது. ஆனால் குடியியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அங்கே முக்கியமான கேள்வி பெயர் இருந்ததா என்பதல்ல, வாசித்தவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கியதா என்பது. ‘எங்கள் ஊர்ப் பிரதான வீதியில் பச்சை மாடி வீட்டுக்காரர் காசை என்ன செய்தார் என்று நான் கேட்கமாட்டேன்’ என்று எழுதினால், அந்த வீதியில் பச்சை மாடி வீடு ஒன்றுதான் என்றால், பெயர் போட்டதற்குச் சமம். குறிப்பால் வரும் பொருளையும் நீதிமன்றம் பொருளாகவே எடுக்கும். ‘நான் கேட்கமாட்டேன் என்றுதானே எழுதினேன்’ என்பது கல்யாண வீட்டுப் பின்வளவில் எடுபடும் வாதம்.

மார்க்கத்தில், அறநூலில் இதற்கு இடமுண்டா?

காத்தான்குடியில் ஓர் ஆசிரியை கேட்டது இது. புறம் பேசுவது என்றால் என்ன என்பதற்கு நபிமொழி தெளிவானது: உன் சகோதரர் விரும்பாததை அவரைப் பற்றிக் கூறுவது. உண்மையாக இருந்தால்கூட அது புறம், பொய்யாக இருந்தால் அவதூறு. இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) நாவின் தீங்குகளைப் பற்றி எழுதும்போது மிகக் கூர்மையாக ஒன்றைக் கவனித்திருக்கிறார். புறத்திலேயே மோசமானது பக்திமான்கள் பேசும் புறம் என்கிறார். ஆட்சியாளரின் வாசலுக்குப் போகிற ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது, ‘அந்தச் சோதனையிலிருந்து நம்மைக் காத்த இறைவனுக்கே புகழ்’ என்பார்களாம். வாயில் வந்தது துதி, சபைக்குப் போனது அந்த ஆளின் குறை. அவர்களுக்குப் புறம் பேசிய பாவத்தோடு, பேசவில்லை என்று காட்டிக்கொண்ட பாசாங்கும் சேர்கிறது.

குறளும் கிட்டத்தட்ட அதே ஆளைத்தான் பிடிக்கிறது. ‘அறஞ்சொல்லும் நெஞ்சத்தான் அன்மை புறஞ்சொல்லும் புன்மையாற் காணப் படும்’ (185). அறம் பேசுகிறவன் நெஞ்சில் அறம் இல்லை என்பதை அவன் புறஞ்சொல்லும் சிறுமையே காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையாகவே பேச விரும்பாதவரை எப்படிப் பிரித்தறிவது?

விவரம் வருகிறதா என்று பாருங்கள். கடலோர நாவலடியில் 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி வயதான ஒருவரிடம் கேட்டால் ‘அதை விடுங்க தம்பி’ என்பார். பிறகு வலையைப் பற்றியோ மழையைப் பற்றியோ கதைப்பார். அதில் எந்த உத்தியும் இல்லை. அவர் விட்டுவிட்டார், நாமும் விட வேண்டும். ‘விடுகிறேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெயர், தொகை, கூரை, கிணறு என்று சாமான்கள் வரிசையாக வந்தால் அதுதான் உத்தி. பிள்ளைகளிடம் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் மௌனமாக இருப்பவரையெல்லாம் பொடி வைக்கிறார் என்று பிடித்துக்கொள்வார்கள்.

நம் மேல் யாராவது பயன்படுத்தினால் என்ன பதில் சொல்வது?

சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். “கணக்கைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள் மாமா, இருந்து அதையே கதைப்போம். எந்த மாதக் கணக்கு?” என்று மரியாதையாகக் கேட்டாலே பாதி முடிந்தது. ‘நான் சொல்லவில்லையே’ என்பார். “சரி, அப்படியென்றால் கணக்குச் சரி என்றுதானே அர்த்தம்? எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள்” என்று கேளுங்கள். ஒன்றில் ஆதாரம் வர வேண்டும், இல்லையென்றால் வாபஸ் வர வேண்டும். நடுவில் அவர் உட்கார்ந்திருந்த திண்ணை போய்விடும்.

செய்யக்கூடாதது, அவருடைய சொற்களையே எடுத்து மறுப்பது. ‘நான் காசை எடுக்கவில்லை’ என்று நீங்கள் பத்துப் பேரிடம் சொன்னால், பத்துப் பேர் காசைப் பற்றிக் கேள்விப்படுவார்கள். ‘கணக்குப் புத்தகம் கோயிலில் இருக்கிறது, வந்து பாருங்கள்’ என்பது அதே பதில், ஆனால் வேறு சொல்லில்.

சின்ன விஷயமென்றால் பேசாமல் இருப்பதே மேல். குசினிக் கூரைக்குப் பதில் கூரை போடுவதுதான்.

அப்படியென்றால் இது எப்போதும் கெட்டதா? அம்மாமார் எல்லாரும் இப்படித்தானே?

கெட்டது இல்லை. இரவு பிந்தி வந்த மகனிடம் ஓர் அம்மா: “நான் சாப்பிடாமக் காத்திருந்ததச் சொல்லல்ல மனே, ரெண்டு தரம் கறிய சூடாக்கினதையும் சொல்லல்ல. நீ முதல்ல கைய கழுவிட்டு வா.” குற்றச்சாட்டும் மன்னிப்பும் சோறும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. இதற்கு மேலே சொன்ன பதில் உத்திகளைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டாம். ‘எத்தனை மணிக்குச் சூடாக்கினீர்கள்?’ என்று கேட்டால் சோறு கிடைக்காது.

இரங்கல் உரையிலும் இது பொருந்தும். ‘அவர் யார் யாருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார் என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது’ என்று ஒருவர் பேசினால், அவர் கட்டினார் என்பதும் வெளிவரும், அதை மறைத்தவர் என்பதும் வெளிவரும். நேரே சொன்னால் இந்த இரண்டாவது கிடைக்காது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்து, அதனால் அவருக்குச் சேதமா சேமமா என்று யோசித்தால் போதும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி?

பத்தாம், பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்யலாம். பத்திரிகையில் வந்த ஒரு மேடைப் பேச்சைக் கொடுத்து, ‘சொல்ல விரும்பவில்லை’, ‘அதற்குள் போகவில்லை’, ‘நான் கேட்கமாட்டேன்’ போன்ற தொடர்களைப் பென்சிலால் வெட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை உரக்க வாசிக்க விடுங்கள். பேசியவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது வகுப்புக்கே கேட்கும். பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதச் சொல்லுங்கள். தேர்தல் காலத்துப் பேச்சென்றால் தாள் போதாமல் போகலாம், இரண்டு தாள் கொடுங்கள். பேசியவரின் பெயரை முன்பே மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பயிற்சி கட்சிச் சண்டையாகிவிடும்.